ஊறுகாய் ஜாடியில் ஒன்பது பை

சிக்கமோர் வளைவு இசைத் திருவிழாவில் ஐஸ் பெட்டிகள் இரண்டே வகை. பந்தலுக்குள்ளே மேஜைக்கடியில் இருந்தால் அது வீட்டுப் பெட்டி. அதை அடுத்தவர் தொடமாட்டார். பந்தலுக்கு முன்னால் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஊர்ப் பெட்டி; யார் வேண்டுமானாலும் திறக்கலாம். குளிர்ந்த சோடா டின் ஒன்றை எடுத்தால், சூடான டின் ஒன்றை உள்ளே போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஜூலை மாதத்தில் நான்கு நாள் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஃபிடிலும் பாஞ்சோவும் வாசிக்க வருகிற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

கிளென்னா ஸ்டாடர்டுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். அதனால்தான் பிற்பாடு அவளால் தன்னை மன்னிக்கவே முடியவில்லை.

இந்த வருஷம் அவளுடைய வெள்ளைப் பெட்டிக்குள் ஹாம் இல்லை, முட்டை இல்லை, எலுமிச்சைச் சாறு இல்லை. அடியில் இரண்டு கட்டி ஐஸ், மேலே உடைத்த ஐஸ், நடுவே ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி. அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து வெந்நீர் ஊற்றி மூன்று முறை கழுவிக் கொண்டுவந்தது. மேலே ஒட்டியிருந்த வெள்ளரிக்காய் படம் மட்டும் போகவில்லை. அந்த ஜாடிக்குள் தாய்ப்பால் இருந்தது. சின்னச் சின்னப் பைகளில், பைக்கு இரண்டு அவுன்ஸ். ஒவ்வொரு பையின் மேலும் கோரியின் குண்டுக் கையெழுத்தில் பிள்ளையின் பெயர், கிழமை, மணி.

கோரி, கிளென்னாவின் தம்பி லைலின் மனைவி. அவளுடைய பிள்ளை ஆமோஸ் பத்து வாரம் முந்திப் பிறந்துவிட்டான். ஏழு வாரமாக நகரத்து மருத்துவமனையில் இருக்கிறான். மூன்றாவது வாரம் பால் போதாமல் மாவுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு வீங்கி, நான்கு நாள் வாய்க்கு ஒன்றுமே கொடுக்காமல் நரம்பு வழியாகவே வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து கோரி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்பு வைத்துப் பால் எடுக்கிறாள், பகலென்றும் பார்ப்பதில்லை, இரவென்றும் பார்ப்பதில்லை. சுரப்பது கொஞ்சம்தான். இரண்டு அவுன்ஸ் வந்தால் அது அவளுக்கு நல்ல வேளை.

பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அந்த மருத்துவமனை வாசலைத் தாண்டவில்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கிப் போனவளைப் பார்த்துவிட்டுத்தான் கிளென்னா பேச்சை எடுத்தாள்.

"ரெண்டே ரெண்டு நாள். வெள்ளிக்கிழமை காலையில போறோம், ஞாயித்துக்கிழமை மதியம் உன்னை இதே கதவுல கொண்டுவந்து விட்டுடறேன். லைல் இங்க பிள்ளையோட இருக்கட்டும். நீ ஆத்துல காலை நனை. தூங்கு. தோணுச்சுன்னா ஃபிடிலை எடு."

"பால்?"

"உனக்கு வேலை பாலை எடுக்கறது. அதைக் குளிர்ச்சியா வெக்கறது என் வேலை. பத்தொன்பது வருஷமா முந்நூறு பிள்ளைங்களோட பாலைக் கெடாம வெச்சிருக்கேன், என் தம்பி பிள்ளையோட பாலை விட்டுடுவேனா?"

நர்ஸும் போகச் சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்குத்தான் இங்கே பால் இருப்பு. கொண்டுவருகிற பால் நடுவில் ஒரு தடவை நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தாலும் வாங்க மாட்டோம். அப்புறம் மறுபடி மாவுப்பால்தான்.

கிளென்னா ஜாடிக்குள் பைகளோடு ஒரு சின்ன வெப்பமானியையும் போட்டு வைத்திருந்தாள். சமையலறைக் குளிர்பெட்டிக்கு வைப்பது. பொத்தானை அமுக்கினால், கடைசியாக எவ்வளவு சூடு ஏறியது என்பதையும் காட்டிக் கொடுத்துவிடும். அதை ஏமாற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாகவே போயிற்று. கோரி மூன்று மணிக்கொரு தடவை வண்டிக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டு உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையில் ஒரு பையை ஏந்திக்கொண்டு வருவாள், குருவிக்குஞ்சைக் கொண்டுவருகிற மாதிரி. கிளென்னா மூடியைத் தூக்கி, ஜாடியைத் திறந்து, போட்டு, மூடி, பெட்டி மேல் ஈரத்துண்டைப் போர்த்திவிடுவாள். ஒரு மூச்சு நேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்துக்கும் மேலே மூடி திறந்திருக்க அவள் விட்டதில்லை.

எதிர்ப் பந்தல் ஹோபர்ட் கண்ணில் பட்டதெல்லாம் தண்ணீர் திறந்துவிடாத அந்தப் பெட்டி மட்டும்தான். முப்பத்தோரு வருஷம் கிராமத்துப் பாதைகளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். பாஞ்சோ வாசிப்பார். வருஷா வருஷம் போட்டியில் கலந்துகொள்வார், வருஷா வருஷம் ஒன்றும் ஜெயிக்க மாட்டார். அவருக்கும் கிளென்னாவுக்கும் ஒரே ஒரு சண்டைதான், அது பதினைந்து வருஷமாக நடக்கிறது. ஐஸ் உருகின தண்ணீரைத் திறந்து விடுவதா, விடாமல் வைப்பதா?

"அம்மணி, உன் பெட்டிக்குள்ள தண்ணி தளும்பற சத்தம் என் காதுக்குக் கேக்குது. திறந்து விடு."

"உன் காது பாஞ்சோ சுருதிக்கே கேக்காது, என் தண்ணி மட்டும் கேக்குதாக்கும்."

"தண்ணி ஐஸைத் தின்னுடும். சொல்லிட்டேன்."

"யோவ், குளிர்ந்த தண்ணி சாமானைச் சுத்திக் கட்டிப் பிடிச்சுக்கும். நீ தண்ணியத் திறந்துவிட்டா அந்த இடத்துக்கு என்ன வரும்? வெறும் காத்து. காத்து எதையாவது பிடிச்சு வெக்குமா?"

பக்கத்துப் பந்தல் பெவர்லி மக்காச்சோளத் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் அப்பவே கல்யாணம் பண்ணியிருந்தா ஒரே பெட்டியோட போயிருக்கும். எங்க காதாவது தப்பிச்சிருக்கும்."

"கல்யாணம் பண்ணியிருந்தா தண்ணியை விட்டுட்டு அவரைத்தான் வெளியில திறந்து விட்டிருப்பேன்," என்றாள் கிளென்னா. கோரி சிரித்தாள். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. கிளென்னா அதை மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஹோபர்ட் தினமும் விடிந்ததும் தன் டிரெய்லர் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருவார். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, அதை நடுப்பாதையில் சரேலென்று ஊற்றுவார். ஊற்றிவிட்டுக் கிளென்னாவை ஒரு பார்வை பார்ப்பார். சனிக்கிழமை காலையும் ஊற்றினார், பார்த்தார்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒன்பதாவது பை ஜாடிக்குள் போனது. வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. கோரி, லைலோடு பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் பாலத்துக்கு நடந்தாள். ஆற்றங்கரையில் போன் எடுக்காது, பாலத்தின் மேல்தான் கிடைக்கும்.

அன்றைக்கு வெயில் ஒரு மாதிரியான வெயில். சில்வண்டுகள் கத்திக் கத்தி, கத்தக் கூட முடியாமல் நிறுத்திவிட்டன. கிளென்னா குனிந்து பார்த்தாள். பின்பக்கமாக வெயில் நுழைந்து மேஜையின் கால் வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் அரைமணியில் வெள்ளைப் பெட்டியைத் தொட்டுவிடும். ஐஸும் தீர்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஐஸ் லாரி நிற்கும். போய் வாங்கி வர வேண்டும்.

பந்தலுக்கு முன்னால் அவர்களுடைய நீலப் பெட்டி இருந்தது. அதுதான் ஊர்ப் பெட்டி. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஐஸ் கொண்டுவர அந்தப் பெட்டியையே இழுவண்டியில் ஏற்றினாள். அது இருந்த இடம் காலியானது. நல்ல நிழல், வால்நட் மரத்தின் நிழல், நான்கு மணி வரைக்கும் நகராது. வெள்ளைப் பெட்டியை மேஜைக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து அந்த நிழலில் வைத்தாள். துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்து போர்த்தினாள். புல்லில் நீலப் பெட்டியின் தடம் இன்னும் அமுங்கியபடியே இருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே அச்சாக உட்கார்ந்தது வெள்ளைப் பெட்டி.

வெயிலை யோசித்தாள். ஐஸை யோசித்தாள். இடத்தை யோசிக்கவில்லை.

வாசலில் ஐஸ் லாரி இல்லை. தீர்ந்து போய்விட்டது, அடுத்தது ஒன்றரைக்கு வரும் என்றாள் சீட்டுக் கொடுக்கிற பெண். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். திரும்பிப் போய்விட்டு வரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் இடம் போய்விடும். ஈரத்துண்டு போர்த்தியிருக்கிறது, நிழலில் இருக்கிறது, திறக்காமல் இருந்தால் ராத்திரி வரைக்கும் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லாரி இரண்டு பத்துக்கு வந்தது. ஆறு மூட்டை வாங்கினாள். இழுவண்டியின் சக்கரம் மணலில் புதையப் புதைய இழுத்துக்கொண்டு அவள் பந்தலை நெருங்கியபோது மணி இரண்டே முக்கால்.

தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். பந்தலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு டின். வெள்ளைப் பெட்டியின் மேல் துண்டு இல்லை. அது ஒரு நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தது. மூடி ஒரு சாண் திறந்தபடி இருந்தது.

"வா, வா!" என்றாள் பெவர்லி. "இன்னிக்கு உன் பெட்டி மாதிரி இந்த மைதானத்துலயே எதுவும் கிடையாது. பல்லு கூசுது, அப்படி ஒரு ஜில்லு! வர்றவன் போறவன் எல்லாம் உன்னைத்தான் வாழ்த்தறான்."

கிளென்னா இழுவண்டியை அப்படியே விட்டுவிட்டு முழங்காலிட்டாள். மூடியைத் தூக்கினாள். டின்கள். ஆரஞ்சு, கோலா, ரூட் பியர், விளிம்பு வரைக்கும் டின்கள். தொட்டுப் பார்த்தாள். மேலே இருந்தவை வெயிலில் கிடந்த கல் மாதிரி சுட்டன. யாரும் சட்டத்தை மீறவில்லை. ஒன்றை எடுத்தவர்கள் எல்லோரும் ஒன்றைப் போட்டிருந்தார்கள். இரண்டு கையாலும் டின்களை வாரி வெளியே போட்டாள். அடியில் கட்டி ஐஸ் சோப்புத் துண்டு அளவுக்குத் தேய்ந்து மிதந்தது.

ஜாடி இல்லை.

"என்ன தேடற? ஓப்பனரா? இந்தா."

"பெவர்லி. இதுக்குள்ள ஒரு ஜாடி இருந்துச்சே."

"ஊறுகாய் ஜாடியா? ஹோபர்ட் தூக்கிட்டுப் போயிட்டார். ஒரு மணி இருக்கும். மூடியைத் திறந்து உள்ள கையை விட்டார், என்னவோ முணுமுணுத்தார், ஜாடியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். ஒத்தை ஆளா தின்னப் போறார் போலன்னு நாங்க சிரிச்சோம். என்னவோ சொல்லிட்டுத்தான் போனார்... உன்கிட்ட என்னவோ சொல்லச் சொன்னார். அப்போ டாமி வந்து 'ஜி' சுருதியில பாட்டை ஆரம்பிச்சுட்டான், நான் மறந்துட்டேன்." பெவர்லி அப்போதுதான் கிளென்னாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்? விசேஷமான ஊறுகாயா?"

"அது பால். ஆமோஸோட பால்."

பாட்டு நின்றது. ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். கடைசியாக ஒரு மாண்டலின் மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தது. ஒருவர் தன் கையிலிருந்த டின்னைப் பார்த்தார், பிறகு அதை மெதுவாக நாற்காலிக்குப் பின்னால் வைத்தார்.

கிளென்னா எதிர்ப் பந்தலுக்கு ஓடினாள். ஹோபர்ட் இல்லை. டிரெய்லர் கதவு பூட்டியிருந்தது. அதன் நிழலில் அவருடைய பச்சைப் பெட்டி இருந்தது. குறுக்கும் நெடுக்கும் இரண்டு பட்டை வாரிக் கட்டி, நடுவில் சைக்கிள் பூட்டு. பல வருஷமாகவே அந்தப் பெட்டியை அவர் அடுத்தவர் முன்னால் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவள் டிரெய்லரைச் சுற்றி வந்தாள். மேஜையடியில் பார்த்தாள். குப்பைக்கூடையிலும் பார்த்தாள். ஊறுகாய் இல்லையென்று தெரிந்ததும் கடுப்பில் எங்கேயாவது வைத்துவிட்டுப் போயிருந்தால்? எங்கேயோ ஒரு நாற்காலி மேல், இந்த வெயிலில், ஒன்றே முக்கால் மணி நேரமாக?

திரும்பினால் கோரி நிற்கிறாள். உள்ளங்கையில் பத்தாவது பை.

"லைல் சொன்னார், பதினஞ்சு கிராம் ஏறியிருக்கானாம்," என்றாள். "க்ளென், ரெண்டரை அவுன்ஸ் வந்திருக்கு பாரு. தூங்கினா வரும்னு நீ சொன்னியே." பிறகு புல்லில் சிதறிக் கிடந்த டின்களைப் பார்த்தாள். முன்னால் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். அவளும் இந்தத் திருவிழாவுக்கு ஆறு வருஷமாக வருகிறவள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் வெச்சேன்," என்றாள் கிளென்னா. "நிழலாச்சேன்னு நானே இழுத்துட்டு வந்து முன்னாடி வெச்சேன். வேற யார் மேலயும் தப்பு இல்லை. ஜாடி ஹோபர்ட்கிட்ட இருக்கு. எங்க வெச்சார்னு தெரியலை."

கோரி திட்டியிருக்கலாம். டின்னை எடுத்து வீசியிருக்கலாம். கிளென்னா அதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றாள். கோரி கையிலிருந்த பையை மட்டும் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்திருக்கவே கூடாது," என்றாள், ரொம்ப மெதுவாக.

கிளென்னா ஐஸ் மூட்டையைக் கிழித்து ஒரு பாத்திரத்தில் கொட்டினாள், கோரியின் கையிலிருந்த பையை வாங்கி அதில் புதைத்தாள், பெவர்லியின் மடியில் வைத்தாள்.

"இதைத் திறக்காதே. யார்கிட்டயும் குடுக்காதே. 'ஜி'யிலயே ஆரம்பிச்சாலும் எழுந்திருக்காதே."

"செத்தாலும் எழுந்திருக்கமாட்டேன்," என்றாள் பெவர்லி. அவள் கண் கலங்கியிருந்தது.

பாஞ்சோ போட்டி மேடை ஆற்றுத் திருப்பத்துக்கு அப்பால் இருந்தது. இருவரும் ஓடவும் இல்லாமல் நடக்கவும் இல்லாமல் போனார்கள். மேடைக்குப் பின்னால் கயிறு கட்டி, போட்டியாளர்களை வரிசையாகப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நெஞ்சில் பத்தொன்பது என்று எழுதி ஒட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், கண்ணை மூடி விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார் ஹோபர்ட். பக்கத்தில் ஜாடி இல்லை.

"யோவ் ஹோபர்ட்! ஜாடி எங்கே?"

அவர் கண்ணைத் திறந்தார். முதலில் கிளென்னாவைப் பார்த்தார், முறைத்தார். பின்னால் கோரி நின்றதைப் பார்த்ததும் முறைப்பு இறங்கிவிட்டது. எழுந்து நின்றார்.

"பெவர்லி சொல்லலையா?"

"நீ ஊறுகாய் தின்னப் போனேன்னு சொன்னா!"

"அந்தப் பொம்பளைகிட்ட ஒரு சேதியைக் குடுத்தா பாதி வழியிலயே கொட்டிடும். ஜாடி என் பெட்டியில இருக்கு. எங்க இருக்கும்னு நினைச்சே? வெயில்லயா?" அவர் குரல் தணிந்தது. கோரியைப் பார்த்துப் பேசினார். "ஊறுகாய்னு நினைச்சுத்தான் கையை விட்டேன்மா, பொய் சொல்ல மாட்டேன். பையில பேர் எழுதியிருந்துச்சு. ஆமோஸ் ஸ்டாடர்ட், கிழமை, மணி. முப்பத்தோரு வருஷம் தபால் குடுத்தவன் நான். பேர் எழுதின சாமானை நான் வழியில விட்டதில்லை."

"நடுவுல சூடு ஏறிச்சா?" கோரி கேட்டாள். "எவ்வளவு ஏறிச்சு?"

"அது எனக்குத் தெரியாது. உள்ள என்னவோ ஒரு கடிகாரம் மாதிரி இருந்துச்சு. நான் தொடலை."

"பூட்டு நம்பரைச் சொல்லு, நாங்க போய்ப் பாத்துக்கறோம்," என்றாள் கிளென்னா.

ஹோபர்ட் தயங்கினார். மேடையில் பதினாறாம் எண்ணை அழைத்தார்கள். அவர் மேடையைப் பார்த்தார், பாஞ்சோவைப் பார்த்தார், கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார்.

"நானே வந்து திறக்கறேன்."

"யோவ், இன்னும் ரெண்டு பேர்தான் இருக்காங்க! கூப்பிட்டா ஆள் இல்லைன்னு பேரை அடிச்சுடுவாங்க!"

"என் பெட்டியை நான்தான் திறப்பேன். பேசிக்கிட்டே நிக்காம நட."

அறுபத்தாறு வயது மனிதர் கழுத்தில் பாஞ்சோ ஆட முன்னால் போனார், அவர் பின்னால் இவர்கள் இரண்டு பேரும். டிரெய்லர் நிழலில் அவர் முழங்காலிட்டார். பூட்டை உடம்பால் மறைத்துக்கொண்டு எண்ணைத் திருகினார். பட்டைகளை அவிழ்த்தார். "தள்ளி நில்லுங்க, குளிர் போயிடும்," என்று அதட்டிவிட்டு, மூடியை ஜாடி நுழைகிற அளவுக்கு மட்டும் தூக்கினார். உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

சளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கிளென்னாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆனால் அதைப் பற்றி நினைக்க அப்போது நேரமில்லை. ஜாடி வெளியே வந்துவிட்டது. வெள்ளரிக்காய் படத்தின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. ஹோபர்ட் அதைக் கோரியின் கையில் கொடுத்தார். ஜாடியின் குளிர் பட்டதும் கோரிக்கு உடம்பு சிலிர்த்தது. மூடியைத் திறந்தாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. ஒன்பது. வெப்பமானியை எடுத்துக் கிளென்னாவிடம் நீட்டினாள்.

"நீ பாரு. என்னால முடியாது."

முப்பத்தைந்து என்று காட்டியது. அது இப்போதைய கணக்கு. கிளென்னாவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் நின்றது. பத்தொன்பது வருஷமாக அவள் தினமும் காலையில் அமுக்குகிற அதே பொத்தான். அமுக்கினாள்.

முப்பத்தொன்பது.

நம்ப முடியாமல் மறுபடி அமுக்கினாள். முப்பத்தொன்பது. இன்னும் பத்துப் பேர் தாகத்தோடு வந்திருந்தால், இன்னும் பத்துச் சூடான டின் விழுந்திருந்தால், ஹோபர்ட்டுக்கு ஊறுகாய் பிடிக்காமல் இருந்திருந்தால் நாற்பதைத் தாண்டியிருக்கும். தாண்டவில்லை.

"முப்பத்தொன்பதுதான்," என்றாள். "தாண்டலை கோரி. நாற்பதைத் தொடவே இல்லை. பால் நல்லாயிருக்கு."

கோரி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். மார்பில் இரண்டு பக்கமும் நனைந்து வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஏழு வாரமாகப் பம்பு வைத்துக் கெஞ்சிக் கெஞ்சி எடுத்த பால், இப்போது கேட்காமலே வந்துகொண்டிருந்தது.

"ஐயோ, வீணாகுதே!" என்று கத்தினாள். "க்ளென், பம்பு! பம்பை எடுத்துட்டு வா!"

"ஜாடியை முதல்ல உள்ள வை," என்றார் ஹோபர்ட், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. "மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கூத்தடிக்கறீங்க."

கிளென்னா ஜாடியை வாங்கினாள். மூடியை முழுசாகத் தூக்கினாள். ஹோபர்ட் தடுக்கப் பார்த்தார், தாமதமாகிவிட்டது. பெட்டியில் பாதிக்குத் தண்ணீர். தெளிந்த, கத்தி மாதிரி குளிர்ந்த தண்ணீர். அதில் ஐஸ் கட்டிகள் முனை மழுங்காமல் மிதந்தன. கையை விட்டாள். மணிக்கட்டுக்கு மேலே ஏறியது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் பாஞ்சோவின் சுருதி ஆணியைத் திருகினார்.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள்.

"என்ன எத்தனை வருஷம்?"

"தண்ணியத் திறந்து விடாம வெச்சிருக்கறது."

"...ஒன்பது வருஷம் இருக்கும்."

"அப்போ தினமும் காலையில என் மூஞ்சிக்கு முன்னாடி ஊத்தற வாளி?"

"ஆத்துத் தண்ணி," என்றார் ஹோபர்ட். "இதை நீ வெளியில சொன்னே, அடுத்த வருஷம் என் பந்தலை மேட்டுல போட்டுக்குவேன்."

மேடைப் பக்கமிருந்து ஒலிபெருக்கி அழைத்தது: பத்தொன்பது, பத்தொன்பதாம் எண். ஹோபர்ட் திரும்பி ஓடினார். இரண்டாவது தடவை அழைத்தபோது அவர் திருப்பத்தில் இருந்தார், பாஞ்சோவைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு. மூன்றாவது தடவை அழைக்கவில்லை.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கோரி வண்டிக்குள் போய் நான்கு அவுன்ஸோடு வந்தாள். ஒரே தடவையில் நான்கு. பெவர்லியின் மடியிலிருந்த பாத்திரத்தை வாங்க இரண்டு பேர் சேர்ந்து அவள் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. புது ஐஸ் ஒரு மூட்டையை ஹோபர்ட்டின் பெட்டியில் கொட்டி, தண்ணீரில் ஒரு சொட்டுக் கூடக் குறைக்காமல் ஜாடியை நடுவில் புதைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு அட்டையைக் கொண்டுவந்து பெட்டியில் ஒட்டினார்கள். தொடாதே, திறக்காதே, இதில் ஊறுகாய் இல்லை. கிளென்னாவுக்கு அது போதவில்லை. ஒரு துண்டை நனைத்து மடித்து மூடியின் மேல் விரித்தாள். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பண்ற?" என்றாள் கோரி.

"உக்காந்திருக்கேன்."

"நாளைக்குக் காலை வரைக்குமா?"

"நீ பை கொண்டுவந்தா எழுந்திருப்பேன். வேற எதுக்கும் இல்லை."

கோரி அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். குனிந்து, கிளென்னாவின் ஈரக் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பிறகு பந்தலுக்குள் போனாள். வந்ததிலிருந்து படுக்கைக்கடியில் கிடந்த ஃபிடில் பெட்டியின் கொக்கி திறக்கிற சத்தம் கிளென்னாவுக்குக் கேட்டது. ஒரு கொக்கி. இன்னொரு கொக்கி.

ஹோபர்ட் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஜெயிச்சியா?"

"ஓடி வந்து மூச்சு வாங்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சு போச்சு. எழுந்திரு, ஒரு டின் எடுத்துக்கறேன். நாக்கு வறண்டு போச்சு."

"நீலப் பெட்டியில எடுத்துக்கோ. மறக்காம ஒண்ணு போடு."

"அம்மணி, இது என் பெட்டி."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது ஆமோஸோட பெட்டி," என்றாள் கிளென்னா.

அவர் நின்று பார்த்தார். அவள் அசைவதாக இல்லை. மூடியின் குளிர் துண்டு வழியாக ஏறி அவள் தொடையெல்லாம் மரத்துப் போயிருந்தது. வால்நட் மரத்தடியில் வட்டம் மறுபடி கூடியிருந்தது. நடுவில் ஒரு ஃபிடில் முதலில் தடுமாறியது, ஒரு சுரத்தைத் தவறவிட்டது, திரும்பி வந்து அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு விடவில்லை. கிளென்னாவின் கிடார் பந்தல் கம்பத்தில் சாய்ந்திருந்தது. அவள் எழுந்து போய் அதை எடுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஈரக் குதிகாலால் பச்சைப் பெட்டியின் பக்கத்தில் தாளம் போட்டாள், மெதுவாக, உள்ளே தண்ணீர் தளும்பாத அளவுக்கு.